முஷ்டி தூக்கினா வின்ச் நிக்கணும்

கை தூக்கிட்டேன். முஷ்டிய மடக்கி, தலைக்கு மேல. அவ்வளவுதான் மக்களே நான் பண்ணது. வின்ச் டக்குனு நின்னுச்சு. ரொசெட் தண்ணிக்கு மேல ஒரு ஆள் உயரத்துல அப்படியே தொங்குது. அதுல இருக்கற பாட்டில்ல இருந்தெல்லாம் தண்ணி வழியுது, வழியற தண்ணி விளிம்புலயே ஊசி ஊசியா உறையுது, பின்னாடி சூரியன், அதுக்கும் பின்னாடி நீலக் கலர்ல ஒரு பனிமலை. சத்தியமா சொல்றேன், என் வாழ்க்கையில இப்படி ஒரு ஃப்ரேம் கிடைச்சதே இல்ல. வலது கை மேல. இடது கைல ஃபோன். கொஞ்ச நேரம்தான் எடுத்தேன். ஒரு நிமிஷம்னு வைங்களேன். சரி, அதுக்கு மேலயும் இருக்கும். அப்புறம் விரல சுத்திக் காட்டினேன், ஏத்துங்கன்னு. ஏத்துனாங்க.

அந்தக் கொஞ்ச நேரத்துலதான் உள்ள இருந்த கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டிருக்கு.

புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிடறேன். நான் பரிதி, இளம்பரிதி, ஊர் சங்கரன்கோவில். இப்ப இருக்கறது அண்டார்டிகா ஓரத்துல ஒரு ஆராய்ச்சிக் கப்பல். ஐஸ உடைச்சுக்கிட்டே போற கப்பல்! அது ஐஸ் மேல ஏறி உட்கார்ந்து, தன் எடையாலயே உடைக்கும், அப்ப வர்ற சத்தம் இருக்கே... அத இன்னொரு நாள் சொல்றேன், இல்லன்னா இன்னைக்கு முடியாது. லேப்ல உட்கார்ந்து டைப் பண்றேன். நடுநடுவுல ஸ்க்ரீனப் பார்க்கணும். அதனால விட்டு விட்டுத்தான் வரும், கோச்சுக்காதீங்க.

ரொசெட்னா என்னன்னா, பெரிய இரும்பு வளையம், சுத்தி நீட்டு நீட்டா பாட்டில். வயர்ல கட்டி கடலோட அடி வரைக்கும் எறக்குவோம். ஒவ்வொரு ஆழத்துலயும் ஒரு பாட்டில் மூடிக்கும், அந்த ஆழத்துத் தண்ணிய அப்படியே புடிச்சுட்டு வரும். வளையத்துக்கு அடியில உப்பு அளக்கற சென்சார். அதுக்குள்ள ஒரு கண்ணாடிக் குழாய், பேனா ரீஃபில விடக் கொஞ்சம் பெருசு. கடல்தண்ணி அந்தக் குழாய்க்குள்ள எப்பவும் நிக்கும். கடலுக்குள்ள இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. வெளிய வந்தா? மைனஸ் இருபது, காத்து வேற. உள்ள இருக்கற தண்ணி உறைஞ்சா குழாய் விரிசல் விட்டுடும். அதனால முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க: தண்ணிய விட்டு வெளிய வந்துட்டா நிக்கவே கூடாது, நேரா சூடு போட்ட ஷெட்டுக்குள்ள.

எனக்குத் தெரியும். தெரியாமப் பண்ணேன்னு சொல்ல மாட்டேன். அந்த நேரத்துல ஞாபகம் வரல, அவ்வளவுதான். ரெண்டும் வேற வேற, இல்லையா?

வின்ச்ல, அதான் அந்த வயர சுத்தி ஏத்தி எறக்கற மெஷின்ல, உட்கார்ந்திருந்தது அமலதாஸ் அண்ணன். குளச்சல் பக்கம். முன்னாடி ஆழ்கடல் போட்ல இருந்தவரு, இப்ப நாலஞ்சு வருஷமா இந்த மாதிரிக் கப்பல்தான். மேல கண்ணாடி ரூம்ல உட்கார்ந்து நெம்புகோல் புடிச்சிருப்பாரு. அவருக்கு அங்கிருந்து தண்ணி விளிம்பு தெரியாது. கீழ நிக்கற சிக்னல் ஆளோட கைதான் அவருக்குக் கண்ணு. நான்தான் அந்த சிக்னல் ஆளு.

சிக்னல்ல ஒரு சட்டம் இருக்கு. ஏத்து, எறக்கு இதெல்லாம் சிக்னல் ஆளு மட்டும்தான் காட்டணும். ஆனா நிறுத்துன்னு முஷ்டி யார் தூக்கினாலும் வின்ச் நிக்கணும். சமையல்காரரு தூக்கினாலும் நிக்கணும். ஏன்னு கேட்கக்கூடாது, நின்னதுக்கு அப்புறம்தான் மத்தது. அண்ணன் என்னை முதல் நாள் டெக்ல நிக்க வெச்சு என்ன சொன்னாரு தெரியுமா? "லே மக்கா, நீ கை தூக்குனா நான் யோசிக்க மாட்டேன். யோசிக்கிற நேரத்துல இங்க ஒருத்தனுக்கு விரல் போயிடும். அதனால யோசிக்கிறத நீ பண்ணிட்டுத் தூக்கு." நான் ரொம்ப இம்ப்ரெஸ் ஆயிட்டேன். அத ஒரு போஸ்டா கூடப் போட்டேன், நிறைய பேர் ஹார்ட் போட்டீங்க.

இருங்க, ஏதோ பீப் அடிக்குது.

வந்துட்டேன். ஒண்ணுமில்ல, பேப்பர் தீர்ந்துருச்சு.

அன்னைக்கு ஷெட்டுக்குள்ள வந்ததும் யாருக்கும் ஒண்ணும் தெரியல. அடுத்த இடத்துல எறக்குனப்பதான் நஸ்ரின் அக்கா கத்துனாங்க. "பரிதி, இங்க வா! கடல்ல உப்பே இல்லையாம்!" நஸ்ரின் அக்கா ஆம்பூர், பிஎச்டி பண்றாங்க. பனிப்பாறைக்கு அடியில உருகற தண்ணி எந்தப் பக்கமா கடல்ல கலக்குதுங்கறதுதான் அவங்க ஆராய்ச்சி. ரெண்டு வருஷம் காத்திருந்து இந்தக் கப்பல்ல இடம் கிடைச்சுது. ஸ்க்ரீன்ல கோடு குரங்கு மாதிரி குதிக்குது. மேல ஏத்தி, கழட்டிப் பார்த்தா, குழாய்ல முடி மாதிரி ஒரு கோடு. அக்கா அத விரல்ல தொடாம தொட்டுப் பார்த்தாங்க. அந்த மாதிரி யாராவது பண்ணிப் பார்த்திருக்கீங்களா? விரல் பக்கத்துல வரைக்கும் போகும், தொடாது.

அந்த சென்சாரப் பார்க்கவே முடியல என்னால. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு ஒரு ப்ளேட்தான்.

சாப்பாட்டு ஹால்ல மீட்டிங். எங்க சீஃப் சயின்டிஸ்ட் வசுந்தரா மேடம். கத்தவே மாட்டாங்க. கத்தினாக்கூடப் பரவால்ல. டீ கப்ப ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, "ரொசெட் வெளிய நின்னிருக்கு. வின்ச் பதிவுல இருக்கு. ஏன் நின்னுச்சு?"ன்னு கேட்டாங்க. டெக்ல அப்ப என்னைத் தவிர யாரும் இல்ல, மத்தவங்க ஷெட்டுக்குள்ள. டெக் கேமரா இருக்கு, ஆனா லென்ஸ்ல பனி மூடி ஒண்ணும் தெரியல. நான் அதுக்காக சந்தோஷப்பட்டேன்னு நினைக்காதீங்க. கவனிச்சேன், அவ்வளவுதான்.

அமலதாஸ் அண்ணன் எழுந்தாரு. "நான்தான் மேடம் நிறுத்தினேன்."

"ஏன்?"

அண்ணன் என்னைப் பார்த்தாரு. சும்மா ஒரு பார்வை. ரொம்ப நேரம். அப்புறம் அப்படியே உட்கார்ந்துட்டாரு.

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. என்ன மனுஷன்! என்னைக் காப்பாத்தறதுக்காக தன் மேல போட்டுக்கறாரு! சொந்த அண்ணன்கூட இப்படிப் பண்ண மாட்டான். அந்த நேரத்துல நான் எழுந்து நாந்தான்னு சொன்னா, அவரு சொன்னது என்ன ஆகும்? அத்தனை பேர் முன்னாடி அவர அசிங்கப்படுத்தின மாதிரி ஆயிடாதா? அதனாலதான் சொல்லல. இன்னொரு விஷயமும் இருக்கு, மறைக்கல. கப்பல் திரும்பிப் போனதும் கரையில இருக்கற ஆராய்ச்சி ஸ்டேஷன்ல குளிர்காலம் முழுக்க தங்கறதுக்கு டெக்னீஷியன் ஒருத்தர மேடம் எடுக்கணும். மூணு பேர் பேரு இருந்துச்சு, அதுல ஒண்ணு நான். சூரியனே வராத மாசம்! வானம் பூரா பச்சையா ஆடற வெளிச்சம்! எட்டாவது படிக்கறப்ப இருந்து எனக்கு இது கனவு, உங்களுக்கே தெரியும்.

ஆனா அது காரணம் இல்ல. அது அப்போ மனசுல இருந்துச்சு, அவ்வளவுதான்.

மேடம் முடிவு சொன்னாங்க. ஸ்பேர் சென்சார் மாட்டிக்கலாம், காலையில பனிப்பாறை விளிம்புக்குப் பக்கத்துல நஸ்ரினோட கடைசி ரெண்டு இடத்துக்குப் போவோம், அங்க இப்ப ஐஸ் இல்லாம தண்ணி திறந்திருக்கு, காத்து மாறுனா ஐஸ் வந்து மூடிடும், அப்புறம் ரொசெட் எறக்க முடியாது, சீக்கிரம்.

மீட்டிங் முடிஞ்சு வெளிய வந்தா, அண்ணன் படிக்கட்டுகிட்ட நிக்கறாரு.

"மக்கா. என்னத்தப் பார்த்துக் கை தூக்குன?"

நான் எதிர்பார்க்கவே இல்ல. காப்பாத்தினவரு கேள்வி கேட்பாரா? வாயில வந்தத சொல்லிட்டேன். "வயர்ல ஏதோ... ஐஸ் கட்டியிருந்த மாதிரி, அண்ணே. இழை விட்ட மாதிரி."

"எங்க?"

"மேல. கப்பிக்குக் கொஞ்சம் கீழ."

"பார்த்தியா, பார்த்த மாதிரி இருந்துச்சா?"

"மாதிரி இருந்துச்சு அண்ணே."

அவரு தலையாட்டினாரு. "சரி. போய்த் தூங்கு"ன்னாரு. நான் நிம்மதியா போய்ப் படுத்தேன். விஷயம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். வேற யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பாங்க?

அவரு நேரா மேடம்கிட்ட போயிருக்காரு. "வயர் மேல சந்தேகமா இருக்கு. முழுசாப் பார்க்காம இனி ரொசெட்ட எறக்க மாட்டேன்." மேடம் எவ்வளவோ கேட்டாங்களாம், யார் பார்த்தது, என்ன பார்த்ததுன்னு. எனக்குத்தான் சந்தேகம்னு ஒரே பிடியா நின்னிருக்காரு. வயர்ல சந்தேகம்னு வின்ச்காரர் சொல்லிட்டா யாராலயும் மீற முடியாது. ரொசெட் அறுந்து போனா எல்லாம் போச்சு.

மறுநாள் முழுக்க அதுதான். வயர் நுனியில ஒரு இரும்புக் குண்டக் கட்டி, மொத்த வயரையும் கடலுக்குள்ள விட்டு, திரும்பக் கொஞ்சம் கொஞ்சமா சுத்தினாங்க. இன்னொரு ஷிஃப்ட் ஆளு வின்ச் ஓட்டறாரு. கொஞ்சம் சுத்தறது, நிறுத்தறது, அண்ணன் குனிஞ்சு பார்க்கறது. தடி கையுறை போட்டா இழை தட்டுப்படாதுன்னு மெலிசா ஒண்ணு போட்டுக்கிட்டு, வயர விரல்ல தடவித் தடவிப் பார்க்கறாரு. காத்து அடிக்குது. தாடியெல்லாம் வெள்ளையாயிடுச்சு. நான் ஃபிளாஸ்க்ல டீ கொண்டு போய்க் குடுத்தேன். ரெண்டு தடவ குடுத்தேன். எனக்கு அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு.

டீய வாங்கிட்டு, "இந்தப் பக்கமாடா?"ன்னு கேட்டாரு.

"இன்னும் கொஞ்சம் மேல இருக்கும் அண்ணே."

என்ன சொல்றது? அப்ப போய் இல்லன்னு சொன்னா, அதுவரைக்கும் பட்ட கஷ்டமெல்லாம் வீண்னு ஆயிடும்ல. முடிச்சுட்டாங்கன்னா அவருக்கே திருப்தியா இருக்கும்னு தோணுச்சு.

மத்தியானத்துக்கு மேல காத்து மாறிடுச்சு. நஸ்ரின் அக்கா மேல் தளத்துல போய் நின்னு, பைனாகுலர்ல பார்த்துக்கிட்டே இருந்தாங்க. நானும் பக்கத்துல போனேன். நேத்து வரைக்கும் கறுப்பா தண்ணி தெரிஞ்ச இடத்துல, வெள்ளையா தட்டுத் தட்டா ஐஸ் வந்து ஒண்ணோட ஒண்ணு முட்டுது. பார்க்க என்ன அழகுன்னு கேட்கறீங்க... சரி, வேண்டாம்.

"மூடிருச்சு"ன்னாங்க அக்கா.

"மறுபடி திறக்கும்கா."

"அடுத்த வருஷம் திறக்கும்டா."

பைனாகுலர என் கைல குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. ஐஸ் மூடறது இயற்கை. அதுக்கு யாரும் பொறுப்பில்ல. இத நான் எனக்குள்ள பல தடவ சொல்லிக்கிட்டேன்.

வயர்ல ஒண்ணும் இல்ல. ஒரு இழைகூட இல்ல.

அதுக்கப்புறம் மேடம் அண்ணன வின்ச்ல இருந்து எடுத்துட்டாங்க. "காரணமில்லாம நிறுத்தி ஒரு சென்சார் போச்சு, காரணமில்லாம சந்தேகப்பட்டு ஒரு நாள் போச்சு. ரெண்டு தடவ"ன்னாங்க. கத்தல, டீ கப்பு அப்படியே கைல இருக்கு. மீதி நாள் சரக்கறையில பெட்டி அடுக்கற வேலை. அடுத்த பயணத்துக்கு வின்ச்சுக்கு யார் வேணும்னு மேடம்தான் எழுதி அனுப்புவாங்க. அவங்க எழுதலன்னா அண்ணனுக்குத் திரும்ப வேற எந்தக் கப்பல்லயும் வின்ச் கிடைக்கறது கஷ்டம். சின்ன உலகம் இது, எல்லாருக்கும் எல்லாரும் தெரியும்.

இருங்க, அக்கா கூப்பிடறாங்க.

வந்துட்டேன். எங்க விட்டேன்? ஆங், சரக்கறை.

அங்க போய்ப் பார்த்தேன் அண்ணன. பருப்பு டின் அடுக்கிட்டு இருந்தாரு. நான் கால்ல விழாத குறை. "அண்ணே, எனக்காக இவ்வளவு பண்ணிட்டீங்களே."

திரும்பிப் பார்த்தாரு. "உனக்காகவா?"

"என்னைக் காட்டிக் குடுக்காம..."

"லேய், நிறுத்து." டின்ன கீழ வெச்சாரு. "ஒரு கைல முஷ்டி. இன்னொரு கைல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். கண்ணாடி ரூம்ல இருந்து தண்ணிதான் தெரியாது, நீ நல்லாவே தெரிவ."

மக்களே, எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு.

"தெரிஞ்சுமா அண்ணே வயரப் பார்த்தீங்க? அந்தக் குளிர்ல?"

"நீ வயர்ல இழை விட்டிருக்குன்னு சொல்லிட்ட. சொன்னவன் புளுகுறான்னு நினைச்சு விட்டுட்டு, நாளைக்கு அது அறுந்தா? பார்த்துத்தான் ஆகணும். மீட்டிங்ல நீயே சொல்லுவன்னு பார்த்தேன். படிக்கட்டுல கேட்டேன். டீ கொண்டு வந்தப்பவும் கேட்டேன். இன்னும் எத்தன தடவலே கேக்கணும்?"

"நீங்களே மேடம்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே. நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன்."

அதுக்கு அவரு சிரிச்சாரு. நல்ல சிரிப்பு இல்ல அது. "கை தூக்குனவனப் பத்தி வின்ச்காரன் புகார் சொன்னான்னு வை, நாளைக்கு டெக்ல எவனும் கை தூக்க யோசிப்பான். நான் சொன்னா அத்தன பேருக்கும் கேடு. நீ சொன்னா உனக்கு மட்டும்தான் வெக்கக்கேடு. போ. டின் எடுத்துக் குடுக்கறதா இருந்தா நில்லு, இல்லன்னா போ."

கொஞ்சம் டின் எடுத்துக் குடுத்தேன். அப்புறம் போனேன். நேரா மேடம் ரூமுக்கு! ஆமா, போயிட்டேன். நான் ஒண்ணும் அவ்வளவு மோசமானவன் இல்ல. கதவத் தட்டினேன்.

"மேடம், அன்னைக்கு முஷ்டி தூக்கினது நான்."

அவங்க கண்ணாடியக் கழட்டினாங்க. "நீயா? ஏன் தூக்கின?"

முழுசா சொல்லிடணும்னுதான் போனேன். நம்புங்க. வாயத் திறந்தப்ப வந்தது வேற. "வயர்ல ஐஸ் கட்டின மாதிரி... இழை விட்ட மாதிரி தெரிஞ்சுது மேடம். அண்ணன் நான் காட்டினதாலதான் நிறுத்தினாரு. வயரப் பார்க்கச் சொன்னதும் நான் சொன்னதாலதான். அவரு மேல தப்பே இல்ல."

இதுல எது பொய்? நல்லாப் பாருங்க. ஒண்ணே ஒண்ணுதான். மீதி எல்லாம் உண்மை.

மேடம் கண்ணாடியத் திரும்ப மாட்டிக்கிட்டாங்க. "அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு மேடம்." அதுவும் உண்மை!

"நிறுத்துன்னு கை தூக்கினவன இந்தக் கப்பல்ல யாரும் திட்ட மாட்டாங்க, பரிதி. சந்தேகம்னா தூக்கத்தான் வேணும். நான் அமலதாஸ்கிட்ட மன்னிப்பு கேட்கணும்."

கேட்டாங்க. அன்னைக்கு சாப்பாட்டு ஹால்ல எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. நான் கை தூக்கின கதையையும் சொன்னாங்க, பொறுப்பான பையன்னு. கை தட்டினாங்க மக்களே. நஸ்ரின் அக்கா எழுந்து வந்து என் தோளப் புடிச்சுக்கிட்டு, "ரொசெட்டே கடல்ல போயிருந்தா என்ன பண்ணியிருப்போம்? ரெண்டு இடம்தானே, விடுடா"ன்னாங்க. கண்ணு சிவந்திருந்துச்சு, குளிரா இருக்கும்.

மேடம் அண்ணன்கிட்ட, "நாளையில இருந்து வின்ச் உங்களுக்குத்தான். அடுத்த பயணத்துக்கும் உங்க பேரையே எழுதறேன்"ன்னாங்க.

அண்ணன் சோத்துத் தட்டோட எழுந்து நின்னாரு. "சரி மேடம். சிக்னலுக்கு மட்டும் வேற ஆள் போடுங்க."

"ஏன், பரிதி இருக்கானே?"

"அவனுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை மேடம். இல்லாததெல்லாம் தெரியுது. லேபுக்கு ஆகும்."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பாராட்டுதானே அது, ஒரு வகையில?

அதான் இப்ப லேப். வேலை நல்லாத்தான் இருக்கு, சூடா இருக்கு. நேத்து மேடம் வந்து, குளிர்காலத்துக்கு உன் பேரக் குடுத்திருக்கேன்னு சொல்லிட்டுப் போனாங்க. சந்தோஷத்துல குதிச்சிருக்கணும். வீட்டுக்குக்கூட இன்னும் சொல்லல.

இங்க ஒரு வட்ட ஜன்னல் இருக்கு, அது வழியா டெக் தெரியும். இப்ப சிக்னலுக்கு நிக்கறது சமையல் பக்கத்துல இருந்து எடுத்த ஆளு, பேரு தங்கையா. ஏத்துன்னு எப்படிக் காட்டறதுன்னே இன்னும் சரியா வரல. காலையில ரொசெட் மேல வர்றப்ப முஷ்டிய தூக்கிட்டாரு. எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமே இல்ல, ஒரு கயிறு லேசா ஆடுச்சு, அவ்வளவுதான்.

வின்ச் உடனே நின்னுச்சு. மேல கண்ணாடி ரூம்ல இருந்து அண்ணன் தங்கையா முகத்தக்கூடப் பார்க்கல.

நான் பார்த்துக்கிட்டே நின்னேன். அப்புறம் வந்து இத டைப் பண்ண ஆரம்பிச்சேன். இன்னும் என்ன பண்ணணும் நான், சொல்லுங்க? தப்ப ஒத்துக்கிட்டேன். அண்ணனுக்கு வின்ச் திரும்பக் கிடைச்சாச்சு. யாருக்கும் நஷ்டமில்ல. எல்லாரும் நல்ல பையன்ங்கறாங்க. ஒரே ஒருத்தர் மட்டும், சாப்பாட்டு ஹால்ல என் எதிர்ல உட்கார்ந்து, உப்பத் தள்ளுன்னு கேட்கறதுக்குக்கூட பக்கத்து ஆளக் கூப்பிடறாரு.

உங்களுக்கு இப்படி ஆயிருக்கா? உண்மைய சொன்னதுக்கு அப்புறமும்?